ரோமில் காலைச் சிற்றுண்டி: கல்லாவிலிருந்து மேடை வரை, புதிதாக வருபவர்களுக்கு

படிப்புக்காகவோ வேலைக்காகவோ ரோம் நகருக்கு வந்து, விடுதியிலோ வாடகை அறையிலோ தங்கி, சமையலறை இன்னும் கைக்கு வராத முதல் சில வாரங்களில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். திருச்சபைப் பல்கலைக்கழகங்களில் படிக்க வரும் நம் ஊர்க் குருக்களும் கன்னியரும் பெரும்பாலும் தங்கள் இல்லத்திலேயே காலை உணவை முடித்துக்கொள்கிறார்கள். மற்றவர்கள் முதல் நாளே தெருவில் இறங்கித்தான் ஆகவேண்டும். ரோமில் காலை உணவு என்பது ஒரு காப்பி, ஒரு இனிப்பு ரொட்டி, நின்றபடி ஐந்து நிமிடம். மலிவானது, எளிதானதும் கூட. ஆனால் எங்கே நிற்பது, எப்போது காசு கொடுப்பது, எந்தத் தாளைக் கையில் வைத்திருப்பது என்ற ஒழுங்கை யாரும் எழுதி ஒட்டியிருப்பதில்லை. அது தெரியாவிட்டால் இரண்டரை யூரோவில் முடியவேண்டிய சிற்றுண்டி பத்து யூரோவைத் தாண்டும். கீழே கொடுத்துள்ள விலைகள் குடியிருப்புப் பகுதிகளில் நான் வழக்கமாகக் கொடுப்பவை. நகர மையத்தில் கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

1. எந்தக் கடைக்குள் நுழைவது

பலகையில் 'பார்' என்று எழுதியிருப்பதைப் பார்த்துத் தயங்க வேண்டாம். காலையில் அது காப்பிக் கடைதான். பள்ளிக்குப் போகும் பிள்ளையோடு பாட்டிமார்கள் வந்து நிற்கும் இடம். உங்கள் அன்றாடக் காலை உணவுக்கு ஏற்ற இடம் இதுவே.

'பஸ்திச்சேரியா' என்பது இனிப்புகளைத் தாங்களே செய்து விற்கும் கடை. பலவற்றில் நின்று காப்பி குடிக்கும் மேடையும் உண்டு. ரொட்டியின் தரம் இங்கே நன்றாக இருக்கும், விலையும் சற்றுக் கூடும். 'ஃபோர்னோ' என்பது அடுமனை. இங்கே பெரும்பாலும் காப்பி கிடைக்காது, ஆனால் அடுப்பிலிருந்து வந்த பிட்சா பியாங்கா என்ற தட்டை உப்பு ரொட்டியை எடைபோட்டு வெட்டித் தருவார்கள். காலையில் இனிப்பு இறங்காதவர்களுக்கு அதுதான் கதி.

நாலாவது வகை ஒன்று உண்டு. நினைவுச்சின்னங்களைச் சுற்றி, வெள்ளை விரிப்புப் போட்ட மேசைகளோடு, வாசலில் ஆங்கிலத்தில் படங்கள் போட்ட விலைப்பட்டியலோடு, உங்களைக் கைகாட்டி அழைக்கும் ஆளோடு இருக்கும் கடைகள். ஊர்ப் பெரியவர்களை அழைத்துப் போய் ஒருமுறை உட்கார வைக்கலாம். அன்றாடத்துக்கு அல்ல.

2. எந்த நேரத்தில் போவது

குடியிருப்புப் பகுதிகளில் பார்கள் காலை ஆறு, ஆறரைக்கே திறந்துவிடும். ஏழு முதல் ஒன்பதரை வரை ரொட்டி சூடாகவும் எல்லா வகையிலும் கிடைக்கும், கூட்டமும் அப்போதுதான். எட்டு மணிக்கு அலுவலகக் கூட்டம் மேடையை மொய்க்கும்போது மொழி தெரியாமல் நிற்பது புதியவருக்குச் சிரமம். ஆகவே முதல் வாரத்தில் ஏழேகாலுக்கோ ஒன்பதரைக்கு மேலோ போய்ப் பழகுங்கள். பதினொரு மணிக்குக் கண்ணாடிப் பெட்டியில் மிஞ்சியவைதான் இருக்கும். அதன் பிறகு மதிய உணவுக்கான சாண்ட்விச்சுகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

பதினொரு மணிக்குப் பிறகு, காலைப் பானமாகக் கருதப்படும் நுரைத்த பால் காப்பியான கப்புச்சீனோ கேட்டால் முறைப்பார்கள் என்று பலர் பயமுறுத்துவார்கள். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், போட்டுத் தருவார்கள்.

ஒவ்வொரு கடைக்கும் வார விடுமுறை நாள் வேறு வேறு. எஸ்குவிலீனோ பகுதியில் பாலேடு நிரப்பிய பன்னான மரித்தோஸ்ஸோவுக்குப் பெயர்போன ரெகோலி போன்ற பழைய கடைகள் வார நடுவிலும் ஒரு நாள் மூடியிருக்கும் என்பதால், தொலைவிலிருந்து போவதானால் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

3. விலைப்பலகையை வாசிப்பது

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். இதில் அவசரம் வேண்டாம். இத்தாலியில் ஒரே காப்பிக்கு இரண்டு விலை இருக்கலாம். நின்று குடித்தால் ஒன்று, உட்கார்ந்து குடித்தால் ஒன்று. நிற்பதற்கான விலைக்கு 'அல் பாங்கோ' என்றும், மேசைக்கான விலைக்கு 'அல் தாவொலோ' என்றும் எழுதியிருக்கும். விலைப்பட்டியலை வாடிக்கையாளர் பார்க்கும்படி வைக்கவேண்டும் என்பது சட்டம். கல்லாவுக்குப் பின்னால் சுவரில் தொங்கும் பலகையையோ வாசலருகே ஒட்டியிருக்கும் தாளையோ தேடுங்கள். இரண்டு பத்திகளாக எண்கள் இருந்தால் இடப்பக்கம் எது, வலப்பக்கம் எது என்று தலைப்பைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

நின்று சாப்பிடும்போது எஸ்பிரெசோ, அதாவது பால் சேர்க்காத கடுங்காப்பி, ஏறத்தாழ 1.10 முதல் 1.30 யூரோ வரை, கப்புச்சீனோ 1.40 முதல் 1.80 வரை, சாதாரண கொர்னெத்தோ, அதாவது பிறை வடிவ இனிப்பு ரொட்டி, 1.20 முதல் 1.60 வரை. பிழிந்த ஆரஞ்சுச் சாறு மட்டும் மூன்று யூரோவைத் தாண்டும். அதைச் சேர்த்தால் கணக்கு இரட்டிப்பாகிவிடும். அதே கப்புச்சீனோ பெயர்பெற்ற சதுக்கம் ஒன்றின் மேசையில் நாலைந்து யூரோவுக்கு மேல் போவது சாதாரணம். அது ஏமாற்று அல்ல. அந்த நாற்காலிக்கும் பரிமாறுபவருக்கும் சேர்த்த விலை.

சிக்கல் வருவது இடைப்பட்ட கடைகளில். மேடையில் காப்பியை வாங்கிவிட்டு, மேசை காலியாக இருக்கிறதே என்று கோப்பையோடு போய் உட்கார்ந்தால், மேசை விலை உள்ள கடையில் அது ஒழுங்கு மீறல். எழுந்திருக்கச் சொல்வார்கள், அல்லது வித்தியாசத்தைக் கேட்பார்கள். குடியிருப்புப் பகுதியின் சிறிய பாரில் அப்படியே உட்கார்ந்தாலும் விலை மாறாது. வெளியிலிருந்து பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. ஆகவே உட்காரும் முன் "பொஸ்ஸோ செதெர்மி?", அதாவது உட்காரலாமா, என்று கேளுங்கள், தொடர்ந்து "கொஸ்தா உக்வாலே?", அதே விலைதானா, என்றும் கேட்டுவிடுங்கள். இப்படிக் கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை, ஊர்க்காரர்களும் கேட்கிறார்கள்.

இன்னொரு பொறி 'முழுக் காலை உணவு' என்று படம் போட்டு வைத்திருக்கும் தொகுப்பு. மையப் பகுதியில் ஒரு கடையில் எனக்கு அப்படி ஒன்று வந்தது: காப்பி, ரொட்டி, சாறு, நான் கேட்காத ஒரு பாட்டில் தண்ணீர். ரசீதில் தண்ணீர் தனி வரியாக இருந்தது. கேட்காத பொருள் மேசைக்கு வந்தால் மூடியைத் திறக்காமல் அப்போதே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

4. காசு முதலா, காப்பி முதலா

இரண்டு முறையும் உண்டு. ரயில் நிலையம், பெரிய சாலை, கூட்டம் மிகுந்த கடை என்றால் முதலில் கல்லாவில் சொல்லிக் காசு கொடுத்து, 'ஸ்கொன்ட்ரீனோ' என்ற ரசீதை வாங்கிக்கொண்டு மேடைக்குப் போகவேண்டும். முதலில் ரசீது வாங்குமாறு கேட்டுக்கொள்ளும் சிறு அட்டை மேடையில் ஒட்டியிருக்கும். அதில் ஸ்கொன்ட்ரீனோ என்ற சொல்லும் காஸா, அதாவது கல்லா, என்ற சொல்லும் கண்ணில் பட்டால் போதும். தெருமுனைச் சிறு கடைகளில் முதலில் சாப்பிட்டுவிட்டு, போகும்போது கல்லாவில் நீங்களே என்ன சாப்பிட்டீர்கள் என்று சொல்லிக் காசு கொடுப்பது வழக்கம். இங்கே உங்கள் சொல்லை நம்புகிறார்கள் என்பதால், இரண்டாவது ரொட்டியை மறக்காமல் சொல்லுங்கள்.

எந்த முறை என்று தெரியாவிட்டால் ஒரு நிமிடம் வாசலருகே நின்று, முன்னால் போகும் இரண்டு பேர் எந்தப் பக்கம் திரும்புகிறார்கள் என்று பாருங்கள். அதற்கும் நேரமில்லை என்றால் கல்லாவுக்கே போங்கள். முதலில் காசு கொடுப்பது எந்தக் கடையிலும் தவறாகாது.

கல்லாவில் கேட்கும்போது ரொட்டியின் வகையைச் சொல்ல வேண்டியதில்லை. "உன் கப்புச்சீனோ எ உன் கொர்னெத்தோ" என்றால் போதும். எந்த ரொட்டி என்பதை மேடையில் கைகாட்டிக்கொள்ளலாம். ஆனால் ஓட்ஸ் பாலோ சோயாப் பாலோ வேண்டுமென்றால் கல்லாவிலேயே சொல்லுங்கள், அதற்குச் சில சென்ட் கூடுதல் கட்டணம் உண்டு.

5. மேடையில் நடப்பது

நம் ஊர் டீக்கடையில் மாஸ்டர் முன்னால் கூட்டம் நிற்பதுபோலத்தான்: வரிசை கிடையாது, ஆனால் யார் முதலில் வந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். இடைவெளி கிடைக்கும் இடத்தில் மேடையை ஒட்டி நில்லுங்கள். ரசீதை மேடைமேல், எழுத்து காப்பி போடுபவருக்குத் தெரியும்படி விரித்து வையுங்கள். அது ஈரத்தில் ஒட்டாமல் இருக்க, ரோமில் பலர் அதன்மேல் பத்து அல்லது இருபது சென்ட் நாணயம் ஒன்றை வைப்பார்கள். அது இனாமாகவும் ஆகிறது. கட்டாயமில்லை. காப்பி போடுபவர் கண்ணை நிமிர்த்தும்போது "புவொன் ஜோர்னோ" என்று சொல்லிவிட்டு வேண்டியதைச் சொல்லுங்கள். வணக்கம் சொல்லாமல் நேரே பொருளைக் கேட்பது இங்கே முரட்டுத்தனமாகப் படும்.

அவர் முதலில் ஒரு சிறு தட்டை உங்கள் முன் 'டக்' என்று வைத்து, அதில் ஒரு கரண்டியைப் போடுவார். உங்கள் ஆணை ஏற்கப்பட்டது என்பதற்கு அதுவே அடையாளம். மறுபடி சொல்ல வேண்டாம். பிறகு ரசீதை எடுத்து ஓரத்தில் லேசாகக் கிழித்துவிட்டு அங்கேயே போடுவார். கிழித்த ரசீது முடிந்த கணக்கு. ரொட்டியை ஒரு மெல்லிய காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுப்பார்கள். சில கடைகளில் கண்ணாடிப் பெட்டியிலிருந்து நீங்களே காகிதத்தால் பிடித்து எடுத்துக்கொள்ளலாம், வெறுங்கையால் தொடக்கூடாது. குடித்து முடித்ததும் கோப்பையை அங்கேயே விட்டுவிட்டு இடத்தைக் காலி செய்யுங்கள். பேச்சைத் தொடர்வதென்றால் வாசலுக்கு வெளியே.

காப்பியோடு ஒரு தம்ளர் குழாய்த் தண்ணீர் கேட்டால் பல கடைகளில் சும்மா தருவார்கள். பாட்டிலைத் திறக்கிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

6. என்ன காப்பி கேட்பது

வெறுமனே "காஃபே" என்றால் சிறு கோப்பையில் இரண்டு மடக்குக் கடுங்காப்பி வரும். நம் ஃபில்டர் காப்பிக்குப் பழகிய நாக்குக்குக் கப்புச்சீனோவோ, பால் இன்னும் கூடுதலான காஃபேலாத்தேயோ அருகில் வரும். காஃபேலாத்தே என்று முழுப்பெயரைச் சொல்லுங்கள். பின்பாதியை மட்டும் சொன்னால் ஒரு தம்ளர் பால் வரும். பால் நுரை கொஞ்சமாகப் போதுமென்றால் 'மக்கியாத்தோ'. கண்ணாடித் தம்ளரில் குடிக்க விரும்பினால் 'அல் வெத்ரோ' என்று சேர்த்துச் சொல்லலாம்; ரோமில் பலர் அப்படித்தான் கேட்கிறார்கள். காஃபின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வாற்கோதுமையில் செய்த 'ஓர்சோ' பெரும்பாலான கடைகளில் உண்டு.

கப்புச்சீனோவைக் கொதிக்கக் கொதிக்கத் தரமாட்டார்கள். பால் இளஞ்சூடாக வருவதுதான் முறை. நல்ல சூடு வேண்டுமென்றால் "பென் கால்தோ" என்று சொல்லவேண்டும்.

பாந்தியன் அருகே உள்ள சாந்த் எவுஸ்தாக்கியோ கடையில் காப்பியைச் சர்க்கரை சேர்த்தே தருவார்கள். சர்க்கரை கூடாதவர்கள் முன்பே "சென்ஸா ஜூக்கெரோ" என்று சொல்லிவிடவேண்டும். நீரிழிவு உள்ள பெற்றோரை அங்கே அழைத்துப் போகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

தேநீரைப் பற்றி நீண்ட எதிர்பார்ப்பு வேண்டாம். சுடுநீர், ஒரு தேயிலைப் பை, ஒரு எலுமிச்சைத் துண்டு. பால் கேட்டால் தனியாகக் கொடுப்பார்கள்.

7. சைவம், முட்டை, கொழுப்பு

சைவ உணவுக்காரர்களும் முட்டை தொடாதவர்களும் பன்றிக் கொழுப்பை விலக்குபவர்களும் இந்தப் பகுதியை நிதானமாகப் படிக்கவேண்டும். ரொட்டிதானே, என்ன இருந்துவிடப் போகிறது என்று நினைப்பது சரியல்ல. இத்தாலியக் கொர்னெத்தோவின் மாவில் பெரும்பாலும் முட்டை சேர்க்கிறார்கள். பிரெஞ்சு குரோசாங் மாவுக்கும் இதற்கும் உள்ள முக்கியமான வேறுபாடு அது. உள்ளே 'க்ரேமா' நிரப்பியிருந்தால் அதுவும் முட்டைமஞ்சளில் காய்ச்சியது. மரித்தோஸ்ஸோவின் உள்ளே இருப்பது வெறும் பாலேடுதான் என்றாலும், வெளியே உள்ள பன்னில் முட்டை இருக்கலாம்.

ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி 2014 டிசம்பர் முதல், பொட்டலமிடாமல் விற்கும் உணவிலும் ஒவ்வாமை தரக்கூடிய பதினான்கு பொருள்களைப் பற்றிய தகவலை வாடிக்கையாளருக்குத் தரவேண்டும். முட்டை, பால், கோதுமை, கடலை, எள் எல்லாம் இந்தப் பட்டியலில் உண்டு. ஆகவே முட்டை இருக்கிறதா என்பதைக் கடையின் ஒவ்வாமைப் பட்டியலிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் பன்றிக் கொழுப்பும் ஜெலட்டினும் அந்தப் பதினான்கில் இல்லை. ஒவ்வாமைப் பட்டியலை மட்டும் பார்த்துவிட்டு இது சைவம் என்று முடிவுகட்டக்கூடாது. அதற்கு 'லிப்ரோ தெல்யி இங்க்ரெதியென்தி' என்ற சேர்மானப் பட்டியலைக் கேட்கவேண்டும். பெரும்பாலும் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கோப்பில் கிடக்கும். அதில் 'ஸ்த்ருத்தோ' என்று இருந்தால் அது பன்றிக் கொழுப்பு. பல அடுக்குகளாக மொறுமொறுவென்று இருக்கும் ஸ்ஃபொல்யத்தெல்லாவில் மரபாகவே இது சேரும்.

பாதுகாப்பான வழி, 'வெகானோ', அதாவது விலங்குப் பொருள் எதுவும் சேராதது, என்று குறிச்சீட்டு வைத்த கொர்னெத்தோ. இப்போது சாதாரணப் பார்களிலும் ஒன்றிரண்டு வகை இருக்கிறது, விலை இருபது முப்பது சென்ட் கூடும், ஆனால் முதலில் தீர்வதும் அதுதான், எட்டரைக்குள் போய்விடுங்கள். தேன் வைத்த 'இன்தெக்ராலே' என்ற முழுக்கோதுமை ரொட்டியைப் பார்த்து அதுவும் அப்படித்தான் என்று எடுத்துவிட வேண்டாம். மாவில் முட்டையும் வெண்ணெயும் இருக்கலாம்.

காரமாக வேண்டுமென்றால் அடுமனையின் பிட்சா பியாங்கா: மாவு, உப்பு, ஒலிவ எண்ணெய். அதன்மேல் தக்காளி மட்டும் பூசியது பிட்சா ரொஸ்ஸா. கொழுப்பு சேர்க்கிறார்களா என்று ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டால் பிறகு அந்தக் கடையில் கவலையில்லை. இருநூறு கிராம் ஒரு காலைக்குத் தாராளம். "தூஏச்சென்தோ க்ராம்மி" என்று எடையைச் சொல்லுங்கள், அல்லது வெட்டும் இடத்தைக் கையால் காட்டுங்கள். முக்கோண வடிவத் திரமெத்ஸீனோ சாண்ட்விச்சில் காய்கறி தெரிந்தாலும் சூரை மீனோ முட்டையில் செய்த மயோனெஸோ உள்ளே இருப்பது வழக்கம். பார்மிஜானோ பாலாடைக்கட்டி கன்றின் இரைப்பை நொதியால் உறைய வைப்பது என்பதால் கண்டிப்பான சைவர்கள் அதைத் துருவிப் போட்ட எதையும் விட்டுவிடவேண்டும்.

வாரம் முழுக்க இனிப்பு ரொட்டி யாருக்கும் தாங்காது. பியாத்சா வித்தோரியோ அருகே எஸ்குவிலீனோ சந்தையில் அரிசி, பருப்பு, பச்சை மிளகாய், கொத்தமல்லி எல்லாம் கிடைக்கும். அறையில் ஒரு மின்னடுப்பு வைக்க வீட்டுக்காரர் சம்மதித்தால் ஞாயிற்றுக்கிழமை உப்புமாவுக்கு வழி பிறக்கும்.

8. பணம், அட்டை, உணவுச் சீட்டு

ஒரு காப்பிக்கும் அட்டையில் கட்டலாம். அட்டையை மறுக்கும் வணிகருக்கு 2022 ஜூன் 30 முதல் 30 யூரோவும் தொகையில் 4 சதவீதமும் அபராதம் என்று விதி இருக்கிறது. குறைந்தபட்சத் தொகை என்று ஒன்று சட்டத்தில் கிடையாது. ஆயினும் ஒரு யூரோ பத்து சென்ட்டுக்கு அட்டையை நீட்டினால் சில கல்லாக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். தினமும் போகிற கடையென்றால் சில்லறை வைத்திருப்பது நல்லது. காலை ஏழு மணிக்கு ஐம்பது யூரோத் தாளை நீட்டுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு நிறுவனம் 'புவோனி பாஸ்தோ' என்ற உணவுச் சீட்டு தரலாம். இப்போது பெரும்பாலும் அட்டையாகவோ கைப்பேசியிலோ வருகிறது. எல்லாக் கடையும் எல்லா நிறுவனத்தின் சீட்டையும் ஏற்காது. கதவில் ஒட்டியிருக்கும் சின்னங்களில் உங்களுடையது இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே தடவையில் எட்டுச் சீட்டு வரை சேர்த்துக் கொடுக்கலாம். ஆனால் மீதிச் சில்லறை தரமாட்டார்கள். ஆகவே எட்டு யூரோச் சீட்டை இரண்டரை யூரோச் சிற்றுண்டிக்குக் கிழிக்காமல், மதிய உணவுக்கு வைத்துக்கொள்வதே கணக்குக்கு ஒத்துவரும்.

9. ரசீதும் அலுவலகக் கணக்கும்

ரசீது இல்லாமல் வெளியே வந்தால் காவலர் உங்களுக்கு அபராதம் போடுவார் என்று பழைய ஆட்கள் இன்னும் சொல்வார்கள். வாடிக்கையாளருக்கான அந்த அபராதம் 2003-இலேயே எடுக்கப்பட்டுவிட்டது. ரசீது கொடுக்கவேண்டிய கடமை கடைக்காரருடையது. இருந்தாலும் மேசையில் உட்கார்ந்த நாளில் ரசீதை வாங்கி வரிவரியாகப் பாருங்கள். தொகை தவறென்று கேட்பதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே ஆவணம் அது.

செலவை அலுவலகமோ பல்கலைக்கழகமோ திருப்பித் தருவதாக இருந்தால் சாதாரண ரசீது சில இடங்களில் போதாது. 'ஃபத்தூரா' என்ற முறையான விலைச்சிட்டை கேட்பார்கள். அதைக் காசு கொடுக்கும் முன்பே சொல்லவேண்டும். ரசீது அடித்த பிறகு கேட்டால் கல்லாக்காரர் கையை விரித்துவிடுவார். உங்கள் வரி அடையாள எண்ணையும், நிறுவனத்தின் பெயரில் வேண்டுமானால் அதன் வாட் எண்ணையும் மின்னஞ்சல் முகவரியையும் ஒரு தாளில் அச்சிட்டு பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொன்னால் எழுத்துப்பிழை நிச்சயம்.

10. எடுத்துக்கொண்டு போவதானால்

"தா பொர்தார் வியா" என்றால் மூடிபோட்ட கோப்பையில் தருவார்கள், சில கடைகளில் கோப்பைக்குச் சில சென்ட் சேரும். எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறீர்கள் என்பதில் கவனம் தேவை. ஸ்பானியப் படிகளில் உட்காருவதே 2019 முதல் தடை. அபராதம் 250 யூரோ, படிகளை அழுக்காக்கினால் 400 வரை. நீரூற்றுகளின் விளிம்பும் வேண்டாம். பூங்கா இருக்கைகளுக்குத் தடையில்லை.

தண்ணீர் பாட்டில் வாங்கத் தேவையே இல்லை. தெருவெங்கும் 'நாசோனி' என்ற இரும்புக் குழாய்கள் ஏறத்தாழ 2,500 இருக்கின்றன, குடிக்கத் தகுந்த நல்ல தண்ணீர். குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள துளை வழியாக நீர் பீச்சும், குனியாமல் குடிக்கலாம்.

11. ஆகஸ்ட் மாதம்

ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிய இரண்டு மூன்று வாரங்களில் குடியிருப்புப் பகுதிகளின் கடைகள் பல மூடிக் கிடக்கும். 'கியூஸோ பெர் ஃபெரியே', அதாவது விடுமுறைக்காக மூடியுள்ளது, என்று கையால் எழுதிய தாள் கதவில் தொங்கும், அதில் மறுபடி திறக்கும் தேதியும் இருக்கும். செப்டம்பர் வகுப்புகளுக்காக முன்கூட்டியே வந்து சேர்பவர்கள் இந்த நேரத்தில்தான் வந்து திண்டாடுகிறார்கள். வந்த அன்றே சுற்றியுள்ள மூன்று நான்கு தெருக்களை நடந்து, எது திறந்திருக்கிறது, எது எந்தத் தேதியில் திறக்கும் என்று கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றும் இல்லாவிட்டால் ரயில் நிலையத்துப் பார்கள் அந்த மாதத்திலும் திறந்தே இருக்கும். அங்கே முதலில் கல்லா, பிறகுதான் மேடை.